சேறு, மீன், ஆட்டுக்கொட்டில்: செயற்கை வால்வைத் தேடிவரும் அரிய கிருமிகள்

காரைக்கால் தலத்தெருவில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வாரம் மூன்று நாள் அன்னக்கூடையை இறக்கிவைக்கும் மீன்கார அக்காவுக்கு, இதயத்தில் மிட்ரல் வால்வு மாற்றிப் பதினொரு வருடம் ஆகிறது. கரண்டு போய்த் தெருவே அடங்கிக் கிடந்த ஒரு மத்தியானம், அவர் குனிந்து சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தபோது அந்த வால்வின் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன். சன்னமான 'டிக், டிக்'. "மொதல்ல ராத்திரியில தூக்கமே வராதுங்க. இப்ப அது கேக்கலன்னாதான் பயமா இருக்கும்" என்றார்.

மூன்று வருடத்துக்கு முன் மாசி மாதத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மருந்துக்கடையில் சொல்லி ஐந்து நாளைக்கு மாத்திரை வாங்கிப் போட்டார். காய்ச்சல் விட்டது, ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. அடுத்து ஒரு டாக்டரிடம் போனார். அங்கே மூன்று நாள் ஊசி. மறுபடி விட்டது, மறுபடி வந்தது. மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எக்கோவில் வால்வின் ஓரத்தில் கொத்தாக ஏதோ ஆடியது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தார்கள். ஐந்தாம் நாள் வந்த தாளில் 'வளர்ச்சி இல்லை' என்று இருந்தது. எந்தக் கிருமி என்று தெரியாமலே, பொதுவாக எல்லாவற்றையும் தாக்கக்கூடிய மருந்துகளை ஆறு வாரம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால், அந்தத் தாளை அவர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "வளர்ச்சி இல்லன்னா நல்லதுதானே தம்பி?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்.

செயற்கை வால்வில் கிருமி பற்றுவது அடிக்கடி நடப்பதல்ல. வால்வு வைத்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஒன்று முதல் ஆறு பேர் வரை என்றாவது ஒருநாள் இதற்கு ஆளாகிறார்கள் என்பது உலக அளவில் சொல்லப்படும் கணக்கு. ஆனால் வந்துவிட்டால் கொடியது. மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் ஐந்தில் இருவர் வரை இறந்துபோகிறார்கள். இத்தனை வளர்ந்த மருத்துவத்திலும் அந்த எண் பெரிதாக இறங்கவில்லை.

நம் ஊரில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. மேலை நாடுகளில் வால்வு மாற்றிக்கொள்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். இங்கே பள்ளிக்கூட வயதில் தொண்டைவலியாக வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி, முடக்குக் காய்ச்சலாகி வால்வைச் சுருக்கிவிட, இருபதிலும் முப்பதிலும் அறுவை மேசையில் படுத்தவர்கள் ஏராளம். அவர்களில் பெண்கள் அதிகம். வால்வோடு இன்னும் முப்பது நாற்பது வருடம் உழைத்து வாழ வேண்டியவர்கள் இவர்கள். அதுவும் மீன் கூடையோடு, நாற்றங்காலில், ஆட்டுக்கொட்டிலில்.

இந்த ஏழை இதயங்களுக்காகவே திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தானும் குழுவினரும் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார்கள். முதல் மூன்று வடிவங்கள் தோற்றன. நான்காவது நின்றது. கோபால்ட் கலவை உலோகச் சட்டம், அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் பாலியெத்திலீன் தட்டு, சுற்றிலும் இதயத் தசையோடு தைப்பதற்குப் பாலியெஸ்டர் துணி வளையம். 1990 டிசம்பர் 6-ஆம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். டிடிகே நிறுவனம் தயாரித்து விற்ற அந்தச் சித்ரா வால்வு, வெளிநாட்டு வால்வின் விலையைக் கேட்டு மயங்கிப்போன எத்தனையோ குடும்பங்களுக்கு வாழ்வு தந்தது. வலியத்தான் 2024 ஜூலையில் மறைந்தபோது, இந்தியாவில் எத்தனை நெஞ்சுகளில் அவருடைய வேலை தட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து நெகிழ்ந்தேன்.

அந்தத் துணி வளையம்தான் கிருமிக்கு நுழைவாசல். சொந்த வால்வில் ரத்தம் வழுக்கிக்கொண்டு போகும். வளையத்தின் இழைகளிலும் தையல் முடிச்சுகளிலும் ரத்தத்தின் நார்ப்பொருள் படிந்து சொரசொரப்பாக இருக்கும். பல் துலக்கும்போதோ, கையில் முள் குத்தியபோதோ ரத்தத்தில் கலந்த நாலைந்து கிருமிகள் அங்கே ஒட்டிக்கொண்டால் முதலில் செய்யும் வேலை, தங்களைச் சுற்றிப் பிசின்போல ஒரு படலம் போர்த்திக்கொள்வது. குளத்துப் படிக்கட்டில் பாசி பிடிப்பதைப் போலத்தான். மேலே தண்ணீர் ஊற்றினால் பாசி போகாது; மருந்து ஏற்றினாலும் இந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமி சுலபத்தில் சாகாது. காலப்போக்கில் வளையத்தைச் சுற்றிச் சீழ் கட்டி, தையல் விட்டு, வால்வே தள்ளாடத் தொடங்கும். அப்போது நெஞ்சைத் திரும்பத் திறப்பதைத் தவிர வழி இராது.

வழக்கமான குற்றவாளிகளைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைகள், வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள், குடலில் வாழும் என்டரோகாக்கஸ் ஆகியவையே பெரும்பகுதி. அறுவை முடிந்த ஓராண்டுக்குள் வருபவை பெரும்பாலும் மருத்துவமனையில் தொற்றியவை. அதற்குப் பின் வருபவை ஊரில் தொற்றியவை. ஸ்டஃபைலோகாக்கஸ் படலத்தை ஊடுருவ, காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினையே கூட்டுமருந்தாகச் சேர்க்கிறார்கள். இவற்றைப் பற்றி எல்லா மருத்துவருக்கும் தெரியும். என் மனத்தை அரிப்பவை மற்றவை. நூலில் ஓரக்குறிப்பாக இருப்பவை. இந்தக் கடலோர டெல்டாவின் வாழ்க்கையைப் பார்த்தால் அவை ஓரக்குறிப்பு அல்ல என்று தோன்றுகிறது.

முதலில் மீன். கிளிஞ்சல்மேட்டிலும் காரைக்கால்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் மீன் கழுவும் எந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாலும் கெளுத்தி முள் குத்திய வடுவோ, இறால் கொம்பு கீறிய தழும்போ இருக்கும். மீனின் மேல் வழவழப்பில் எரிசிபெலோத்ரிக்ஸ் என்ற கிருமி வாழ்கிறது. மீனுக்கு ஒன்றும் செய்யாது. கீறிய விரலில் புகுந்தால் ஊதா நிறத்தில் வீங்கி, கடுத்து, மூன்று நான்கு வாரத்தில் தானாக ஆறும். மனிதனுக்கு இந்த விரல்வீக்கத்தைத் தருவது எது என்பதை ரோசன்பாக் 1909-இலேயே பிரித்துச் சொல்லிவிட்டார். ஆயிரம் பேருக்கு விரலோடு முடிந்துவிடும். அரிதாக ஒருவருக்கு ரத்தத்தில் ஏறி வால்வில் உட்காரும். 1988-இல் அதுவரை பதிவானவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, இதயத்தில் உட்கார்ந்த நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறந்திருந்தார்கள்.

இதில் வேதனையான முரண் ஒன்று உண்டு. செயற்கை வால்வில் தொற்று என்றதும் கிருமி தெரியும் முன்பே தொடங்கும் முதல் மருந்து வான்கோமைசின். எரிசிபெலோத்ரிக்ஸ் பிறவியிலேயே வான்கோமைசினுக்கு மசியாது. ஆனால் மிகப் பழைய, மிக மலிவான பென்சிலினுக்குப் பணிந்துவிடும். எது மலிவோ அது காப்பாற்றும். எதை நம்பிக் கொடுக்கிறோமோ அது கைவிடும். அதனால் பெயர் தெரிவது உயிர் விஷயம்.

ஆய்வகத்திலும் இது ஏமாற்றும். கண்ணாடிச் சில்லில் சாயமேற்றிப் பார்த்தால் ஊதாக் குச்சிகளாகத் தெரியும். தோலிலிருந்து தவறி விழுந்த சாதாரணக் குச்சிக் கிருமி என்று நினைத்து 'மாசு' என எழுதிவிடுவது எளிது. நாங்கள் செய்த ஒரு சின்ன வேலை உண்டு. சந்தேகம் வந்தால் டி.எஸ்.ஐ. என்ற ஊடகக் குழாயில் குத்தி, இரவு வைத்து, காலையில் பார்ப்போம். ஊதாச் சாயம் ஏற்கும் குச்சிக் கிருமி அந்தச் செம்மஞ்சள் ஊடகத்தைக் குத்திய கோட்டோடு கரிபோலக் கறுக்க வைத்தால், அது அநேகமாக இதுதான். விலை சில ரூபாய். கேட்க வேண்டிய கேள்வி அதைவிட மலிவு: "நீங்க மீன் வேலையா பாக்குறீங்க?"

அடுத்தது சேறு. மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பர்க்கோல்டேரியா சூடோமல்லை, நெல்வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. ஐப்பசி மழையில் தண்ணீர் மேலே ஏறும்போது அதுவும் மேலே வருகிறது. வெடித்த குதிகாலோடு சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவர்கள், அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர்கள், இதற்கு இலக்கு. நுரையீரலில் சீழ், கல்லீரலில் சீழ், மூட்டில் சீழ். காசநோயைப் போலவே தோற்றமளிக்கும். இதய வால்வில் அமர்வது மிக அரிது. செயற்கை வால்வில் அதனினும் அரிது.

இந்த நோயை 1911-இல் ரங்கூன் மருத்துவமனையில் முதலில் கண்டவர்களாக இரண்டு பெயர்கள் 1912 கட்டுரையில் இருக்கின்றன. ஒன்று ஆல்ஃபிரட் விட்மோர். இன்னொன்று சி.எஸ். கிருஷ்ணசுவாமி. நோய்க்கு விட்மோர் நோய் என்று பெயர் வந்தது. தென்னிந்தியப் பெயர் தாளின் மூலையில் தங்கிவிட்டது. நமக்கும் அவர் நினைவில்லை, அவர் கண்ட நோயும் வெகுகாலம் நினைவில்லை. 1996-இல் வேலூர் சி.எம்.சி.யில் டி. ஜேக்கப் ஜானும் சகாக்களும், நாம் பார்ப்பது மேலே தெரியும் கொஞ்சம்தானோ, அடியில் கிடப்பது அதிகமோ என்று எழுதிக் கேட்டார்கள். அதன் பிறகு தேடினார்கள், கிடைத்தது. தமிழகக் கடலோர மண்ணிலிருந்தே கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். இலங்கையிலும் அதே கதை. எப்போதோ ஒன்றிரண்டு பேருக்கு வந்ததாக இருந்த நோய், கொழும்பில் ஏனோக்கா கொரெயாவும் குழுவினரும் தேடத் தொடங்கியதும் நெல் விளையும் மாவட்டம் மாவட்டமாக வெளியே வந்தது. 2004 ஆழிப்பேரலையில் சேற்றுநீரை விழுங்கித் தப்பியவர்களில் சிலருக்குத் தாய்லாந்திலும் அச்சேயிலும் இந்த நோய் கண்டது. அதே அலை காரைக்கால் குப்பங்களையும் சுருட்டியது என்பதை நினைக்கும்போது, அன்று இங்கே இதைத் தேடிப் பார்க்கும் எண்ணமாவது யாருக்கேனும் இருந்திருக்குமா என்று வருந்துகிறேன்.

மைக்ராஸ்கோப்பில் இதன் இரு முனைகளும் அடர்ந்து, நடுவில் வெளிறி, ஊக்கைப் போலத் தெரியும். ஜென்டாமைசினும் கொலிஸ்டினும் பலிக்காது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் 'ஏதோ ஒரு சூடோமோனாஸ்' என்று எழுதி முடிக்காமல் கை நிற்க வேண்டும். சிகிச்சை செஃப்டாசிடிமோ மெரோபெனமோ வாரக்கணக்கில், பிறகு கோட்ரைமாக்சசோல் மாதக்கணக்கில். தவறான பெயர் எழுதப்பட்டால் அந்த மாதங்கள் நோயாளிக்குக் கிடைக்காது.

மூன்றாவது ஆட்டுக்கொட்டில். குட்டி மாட்டிக்கொண்டால் கையை விட்டு இழுப்பதும், நஞ்சுக்கொடியை வாரிப் புதைப்பதும் வீட்டுப் பெண்கள் வேலை. அந்த ஈரத்தில் புரூசெல்லாவும் இருக்கலாம், காக்ஸியெல்லாவும் இருக்கலாம். புரூசெல்லாவை 1887-இல் மால்டாவில் டேவிட் புரூஸ் கண்டார்; அந்தக் காய்ச்சலில் சாவு என்று நேர்ந்தால் பெரும்பாலும் வால்வுத் தொற்றால்தான். பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் நம் வழக்கம் பாதிக் கதவை அடைத்துவிட்டது. பேறு பார்க்கும் கை மறுபாதியைத் திறந்து வைத்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் மருத்துவர் ஆய்வகத்துக்குச் சொல்லியாக வேண்டும். வளர்ந்த தட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கும் பழைய பழக்கத்தால் இந்தக் கிருமியை வாங்கிக்கொண்ட ஆய்வகத் தொழிலாளர்கள் உலகெங்கும் உண்டு.

காக்ஸியெல்லா இன்னும் கள்ளத்தனமானது. 1930-களில் பிரிஸ்பேன் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களிடம் எட்வர்ட் டெரிக் இதைக் கண்டு, காரணம் புரியாததால் 'கியூ காய்ச்சல்' என்றார். உயிரணுவுக்குள் புகுந்துதான் வாழும் என்பதால் எந்த கல்ச்சர் பாட்டிலிலும் வளராது. காற்றில் தூசியோடு பறந்து வரும். முதலில் வரும் காய்ச்சல் லேசானது, மறந்துபோகும். செயற்கை வால்வு உள்ளவர்களில் சிலருக்கு மாதங்கள் கழித்து வால்வில் தலைதூக்கும். 2007 முதல் 2010 வரை நெதர்லாந்தில் ஆட்டுப் பண்ணைகளிலிருந்து பரவி நாலாயிரம் பேருக்கு மேல் நோய் கண்டபோது, பின்னாளில் இறந்தவர்களில் வால்வுக்காரர்களும் இருந்தார்கள். புதுச்சேரியிலேயே இறைச்சிக்கூடத் தொழிலாளர்களின் ரத்தத்தில் இந்தக் கிருமியைச் சந்தித்த அடையாளம் பதிவாகியிருக்கிறது. காரைக்கால் நிர்வாகம் சேர்ந்திருக்கும் புதுச்சேரிதான். டாக்ஸிசைக்ளினும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் ஒன்றரை இரண்டு வருடம் தொடர்ந்து கொடுத்தால் பிழைக்க வைக்கலாம். ஆறு வாரத்தில் நிறுத்தினால் திரும்ப வரும்.

இது வெறும் ஊகமா என்று கேட்பவர்களுக்குச் சென்னையில் நடந்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் பாலகிருஷ்ணனும் தங்கம் மேனனும், மார்செய்யின் ஃபூர்னியே, ரவுல் குழுவோடு சேர்ந்து, இங்குள்ள இதய உட்சுவர்த் தொற்று நோயாளிகளின் மாதிரிகளைச் சோதித்தார்கள். 2008-இல் வெளியிட்டார்கள். காக்ஸியெல்லாவும் கிடைத்தது, பேன் மூலம் பரவி, முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் சிப்பாய்களை வாட்டிய பார்ட்டோனெல்லா குவின்டானாவும் கிடைத்தது. தேடும் முன்பு இந்திய இதயத் தொற்றுகளில் இல்லாதவைபோல இருந்தவை இவை. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் தமிழ்நாட்டில் நடந்த மிக முக்கியமான வேலைகளில் இது ஒன்று. போதிய அளவு பேசப்படாததும்கூட.

அறுவைக்கூடத்திலிருந்தே வரும் அரிய கிருமிகளும் உண்டு. அவை தனிக் கட்டுரைக்குரியவை; ஒன்றை மட்டும் சொல்கிறேன். இதய அறுவையின்போது ரத்தத்தைக் குளிரவைத்துச் சூடேற்றும் இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டியில் மைக்கோபாக்டீரியம் கைமேரா வளர்ந்து, விசிறிக் காற்றில் திவலையாகப் பறந்து, திறந்த நெஞ்சில் விழுந்திருக்கிறது. சூரிச்சில் முதலில் கண்டு 2013-இல் எழுதினார்கள். காசநோயின் உறவுக்காரன், வெளியே தெரிய ஓரிரு வருடம், சிலருக்கு ஐந்தாறு வருடம்கூட ஆகும். சாதாரண கல்ச்சரில் வராது. அந்த இயந்திரத்தில் ஊற்றும் தண்ணீர் பற்றி நம் மருத்துவமனைகள் எத்தனை கவனம் எடுத்தாலும் தகும்.

இப்போது அக்கா கொண்டுவந்த தாளுக்கு வருகிறேன். 'வளர்ச்சி இல்லை' என்பதற்கு மூன்று பொருள். கிருமியே இல்லை, அல்லது பாட்டிலில் வளராத கிருமி, அல்லது முன்பே போட்ட மாத்திரை கிருமியை மயக்கி வைத்திருக்கிறது. நம் நாட்டில் மூன்றாவதுதான் பெரிய காரணம். மேலை நாடுகளில் பத்துப் பேரில் ஒருவர் இருவருக்கு இப்படி வெறுந்தாள் வருகிறது என்றால், இந்திய ஆய்வுகள் பலவற்றில் மூன்றில் ஒருவருக்கு வருகிறது. வட இந்தியப் பெரிய மருத்துவமனை ஒன்றின் 1981 முதல் 1991 வரையிலான கணக்கில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம்தான் கிருமி வளர்ந்தது. ஐந்து நாள் மாத்திரை வால்வில் உள்ள படலத்தைக் கொல்லாது. ரத்தத்தில் மிதப்பதை மட்டும் கொன்று, காய்ச்சலைத் தணித்து, தடயத்தை அழித்துவிடும். அரிய கிருமிகளில் பாதி உண்மையில் அரியவை அல்ல என்றும், தடயம் அழிந்தவை என்றுமே நான் நம்புகிறேன்.

ரத்தம் எடுக்கும் விதமும் பெரிது. மூன்று தடவை, மூன்று வெவ்வேறு இடத்தில் குத்தி, தடவைக்கு இரண்டு பாட்டில், ஒவ்வொரு பாட்டிலுக்கும் எட்டு முதல் பத்து மில்லி. இதுதான் முறை. நடைமுறையில் ஒரே பாட்டில், மூன்று மில்லி, அதுவும் ஊசி ஏற்றிக்கொண்டிருக்கும் குழாயிலிருந்தே. செலவுக்குப் பயந்து ஒன்றோடு நிறுத்துகிறார்கள். பாட்டிலை எடுத்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. அறை வெப்பத்தில் வைத்துச் சீக்கிரம் இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். நான் வேலை பார்த்த இடமொன்றில், ஞாயிற்றுக்கிழமை எடுத்த பாட்டில்களைக் கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று யாரோ தடுப்பூசிகளோடு சேர்த்துக் குளிரில் வைத்திருந்தார்கள். திங்கள் காலை அதைத் திறந்தபோது கைக்குச் சில்லென்று இருந்தது இன்னும் நினைவிருக்கிறது. ஒரு நோயாளியின் மூன்று பாட்டில்கள். மூன்றும் கடைசிவரை வளரவில்லை.

புதிய வழிகள் வந்திருக்கின்றன. எடுத்த வால்வுத் துண்டில் கிருமியின் 16எஸ் மரபணுவைப் படித்துப் பெயர் சொல்ல முடியும். செத்த கிருமியும் இதில் சிக்கும். இந்தத் தொற்றைக் கண்டறிய உதவும், 2023-இல் திருத்திய டியூக் அளவுகோல்கள், செயற்கை வால்வு உள்ளவரிடம் கண்டால் 'மாசு' என்று தள்ளிவிடக் கூடாத கிருமிகளின் பட்டியலை நீட்டியிருக்கின்றன. பருவில் வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ், கைமேரா போன்றவை அதில் உள்ளன. பெட் ஸ்கேனும் பார்ட்டோனெல்லா, காக்ஸியெல்லா ரத்தச் சோதனைகளும் அந்த அளவுகோல்களில் இடம்பெற்றுள்ளன. ஆனால் தலத்தெருவில் காய்ச்சலோடு படுத்திருப்பவருக்கு இவை எட்டத்தில் இருக்கின்றன. உணவுக்குழாய் வழியாகப் பார்க்கும் எக்கோ, இதய அறுவை நிபுணர், கிருமி நிபுணர் மூன்றும் ஒரே கூரையின்கீழ் வேண்டுமென்றால் புதுச்சேரி ஜிப்மருக்கு நூற்று முப்பது கிலோமீட்டர் போக வேண்டும். பக்கத்தில் சூழ்ந்திருப்பது தமிழ்நாடு என்றாலும் நம் ரேஷன் கார்டு புதுச்சேரிக் கார்டு. தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் நமக்குப் பொருந்தாது. கிளம்பும் முன் உள்ளூரிலேயே செய்ய முடிந்த ஒரே பெரிய காரியம், முதல் மாத்திரைக்கு முன் அந்த மூன்று தடவை ரத்தம் எடுப்பது. அதற்கு நிபுணர் தேவையில்லை. ஒரு செவிலியர், ஆறு பாட்டில், கொஞ்ச நேரம்.

பல் பிடுங்கப் போனால் ஒரு மணி நேரம் முன்பு இரண்டு கிராம் அமாக்ஸிசிலின் ஒரே தடவை, பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு மருந்து. இதுவும் வால்வுக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஈறில் ரத்தம் கசிய விட்டுக்கொண்டு வருடக்கணக்கில் இருப்பது, ஒரு நாள் பல் பிடுங்குவதைவிட ஆபத்து.

அக்காவின் இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. அதில் வால்வின் அளவும் தேதியும் எழுதிய மருத்துவமனை அட்டை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைக்கான ஐ.என்.ஆர். குறித்த சின்ன நோட்டு. போன ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்கு முந்தின நாள் அதில் மூன்றாவதாக ஒரு சீட்டை நான் எழுதி வைத்தேன். "செயற்கை வால்வு உள்ளவர். காய்ச்சல் என்றால் ஆன்டிபயாடிக் கொடுக்கும் முன் பிளட் கல்ச்சர் மூன்று முறை எடுக்கவும். மீன் வேலை செய்பவர். வீட்டில் ஆடு உண்டு." அவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஆடு ரெண்டுன்னு போடுங்க தம்பி" என்றார். போட்டேன்.